ஐவர்மெக்டின் கொரோனாவுக்கு வேலை செய்ததா? மருந்துக்கடையிலிருந்து சில பதிவுகள்

கேள்வி:
2021 மே மாதம் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா. டாக்டர் எழுதிக் கொடுத்த ஐவர்மெக்டினை ஐந்து பேரும் சாப்பிட்டோம். ஐந்து பேரும் பிழைத்தோம். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இல்லை. அப்புறம் ஏன் அது வேலை செய்யாது என்கிறார்கள்? விலை குறைந்த பூச்சி மாத்திரை என்பதால் அமுக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.

4 மார்ச் 2025, இரவு 10.40

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை, பதினெட்டு வருஷமாக. 2021 ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் பாதி வரைக்கும் என் கையால் அதிகம் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளில் ஐவர்மெக்டின் 12 மில்லிகிராமும் ஒன்று. அப்போது வந்த சீட்டுகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின், ஜிங்க், வைட்டமின் சி, பாராசிட்டமால், கூடவே ஒரு கேஸ் மாத்திரை. யார் எழுதினாலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

மனசாட்சியோடு கேட்டதால் நேராகவே சொல்கிறேன், தம்பி. கொரோனாவுக்கு அது வேலை செய்யவில்லை. உங்கள் ஐந்து பேரும் பிழைத்ததில் எனக்கு மனசாரச் சந்தோஷம். அந்த மாத்திரை இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பீர்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததே இப்போதுதான்.

5 மார்ச், காலை 6.15

எங்கே ஆரம்பித்தது என்று முதலில் பார்ப்போம்.

2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், மோனாஷ் பல்கலைக்கழகமும் பீட்டர் டோஹர்ட்டி நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. தட்டில் வளர்த்த மனித நுரையீரல் செல்களில் வைரஸை விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஐவர்மெக்டினைச் சேர்த்தார்கள். 48 மணி நேரத்தில் வைரஸின் மரபுப்பொருள் ஏறக்குறைய 5,000 மடங்கு குறைந்தது. அந்த நாளில் எங்கள் மருந்துக்கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாத நேரம். நம் அலமாரியில் இருக்கிற மருந்தே உயிர் காக்கும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இதில் இருந்த சிக்கல் அளவு. தட்டில் அவர்கள் ஊற்றியது 5 மைக்ரோமோலார். ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் சுமார் 4,400. ஒருவர் 12 மில்லிகிராம் மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் கழித்து ரத்தத்தில் இருப்பது மில்லிலிட்டருக்கு 47 நானோகிராம் பக்கம்தான். கிட்டத்தட்ட 90 மடங்கு வித்தியாசம். தட்டில் வைரஸை நிறுத்திய அளவை ரத்தத்தில் கொண்டுவர வேண்டுமானால் எத்தனை அட்டை விழுங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மூளையைப் பாதிக்கும். குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் வரும்.

5 மார்ச், மதியம் 2.30

திருத்தம். காலையில் மனித நுரையீரல் செல் என்று எழுதியது தப்பு. அது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து எடுத்து ஆய்வகங்களில் வளர்க்கிற செல். வீரோ என்று பெயர். எடுத்துச் சொன்ன நண்பருக்கு நன்றி.

இன்னொருவர், மருந்து நுரையீரலில் போய்ச் சேர்ந்துகொள்ளும், ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது என்கிறார். நியாயமான கேள்வி. மாட்டின் நுரையீரலில் ரத்தத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு இருந்திருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டாலும் 90 மடங்குப் பள்ளம் 30 மடங்காகிறது, அவ்வளவுதான்.

8 மார்ச், இரவு 11.00

இரண்டு நாளாக இங்கே வருகிற பதில்களில் சிலர் இந்த மருந்தையே திட்டுகிறார்கள். "மாட்டு மருந்து", "குதிரை மருந்து" என்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2021 ஆகஸ்டில் "நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை" என்று பதிவு போட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே சிலர் கால்நடைக் கடையில் பசை வடிவ மருந்தை வாங்கிச் சாப்பிட்டு விஷ முறிவு மையங்களுக்குப் போன் செய்தது உண்மை. எச்சரிக்க வேண்டியதுதான். அதற்காக மருந்தைக் கேலி செய்தால், அதை நம்பிச் சாப்பிட்டவன் மருந்தை விடமாட்டான். கேலி செய்தவன் மேல்தான் கோபப்படுவான்.

மருந்து எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். ஜப்பானில் கவானா என்ற ஊரில், கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு பிடி மண். கிடாசாட்டோ நிறுவனத்தின் சதோஷி ஓமுரா அதில் இருந்த ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழு அதில் இருந்து மருந்தை உருவாக்கியது. 1981-ல் கால்நடைகளுக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களில் கருப்பு ஈ கடித்து, புழு கண்ணுக்கு ஏறி, ஊரே குருடாகிக்கொண்டிருந்தது. அதற்கு இந்த மருந்து கேட்கும் என்று தெரிந்ததும், தேவைப்படுகிற வரைக்கும் தேவைப்படுகிற அளவு இலவசமாகத் தருகிறோம் என்று 1987-ல் மெர்க் அறிவித்தது. இன்னமும் கொடுக்கிறார்கள். ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு. நம் நாட்டிலும் பீகாரின் அர்வால் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் யானைக்கால் நோய்க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் ஒன்று இதுதான்.

நானே கண்ணால் பார்த்த ஒன்று. கொரோனாவுக்கு மூன்று நாலு வருஷம் முன்னால் எங்கள் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சொறி சிரங்கு. ஒரே பாய், ஒரே துண்டு, அறைக்குப் பத்துப் பையன்கள். வார்டன் இரண்டு பையன்களைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். விரல் இடுக்கெல்லாம் புண், மணிக்கட்டில் கோடு கோடாக நகம் பட்ட தழும்பு. ஒருவன் பேசிக்கொண்டே முழங்கையை என் கவுண்டர் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி தூக்கம் இல்லாமல் கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் எழுதியபடி விடுதி முழுக்க ஒரே நாளில் ஐவர்மெக்டின், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, துணியெல்லாம் வெந்நீரில். மூன்றாவது வாரம் அதே பையன் பேனா வாங்க வந்தவன் கையை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து புதுத்தோல்.

இப்படிப் பார்த்தவனுக்கு அந்த மருந்து மேல் ஒரு மரியாதை வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பூச்சியின் நரம்பிலும் தசையிலும் இருக்கிற ஒரு வாசலைத் திறந்துவிட்டு அதை முடக்கிப் போடுகிற மருந்து இது. வைரஸுக்கு நரம்பும் கிடையாது, தசையும் கிடையாது. மெல்போர்ன்காரர்கள் சொன்னது வேறு வழி. செல்லுக்குள் வைரஸின் புரதத்தைச் சுமந்து போகிற ஒரு வாகனத்தை இது தடுக்கும் என்றார்கள். அதற்குத்தான் அவ்வளவு பெரிய அளவு தேவைப்பட்டது.

9 மார்ச், காலை 7.00

எகிப்து ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "90 சதவீதம் சாவு குறைந்தது என்று நிரூபித்துவிட்டார்களே" என்று.

அதைத்தான் நானும் நம்பினேன். பென்ஹா பல்கலைக்கழகத்தில் செய்ததாக 2020 நவம்பரில் இணையத்தில் போட்டார்கள். பத்திரிகையில் சரிபார்த்து வந்த கட்டுரை இல்லை, முன்பதிப்பு. நானூறு நோயாளிகள், அவர்களோடு பழகிய இருநூறு பேர். ஆனால் உலகம் முழுக்க எல்லா ஆய்வுகளையும் கூட்டிக் கணக்குப் போட்டவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டினார்கள். இது கனமான ஆய்வு என்பதால் தராசே அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஜாக் லாரன்ஸ் என்று லண்டனில் ஒரு மருத்துவ மாணவர். வகுப்புக்காக இந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறார். முன்னுரையில் பல பத்திகள் வேறெங்கேயோ இருந்து எடுத்து வார்த்தையை மாற்றியவை என்று பிடித்தார். மூலத் தரவுக் கோப்பு கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது. 1234 என்று அடித்தார், திறந்துகொண்டது. உள்ளே பார்த்தால், ஆய்வு ஆரம்பித்த தேதிக்கு முன்னாலேயே செத்துப்போனவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். நிக் பிரவுன் என்ற தரவு ஆய்வாளர் பார்த்தபோது 79 பேரின் வரிகள் இன்னொருவர் வரியின் நகல் போல இருந்தன. 2021 ஜூலை நடுவில் அந்த முன்பதிப்பைத் தளத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில், இந்த மருந்து சாவைக் குறைக்கிறது என்று கூட்டுக்கணக்கு வெளியிட்டவர், சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை விலக்கி மறுபடி கணக்குப் போட்டார். பலன் கரைந்துபோனது.

2021 ஜூலை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் இரண்டாவது அலை ஏறி இறங்கி முடிந்துவிட்டது. நான் விற்றது எல்லாம் விற்று முடிந்த பிறகுதான் இது தெரிய வந்தது. இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. உலகத்தில் எங்கேயோ ஒருவர் நகல் எடுத்து ஒட்டிய வரிகளை நம்பி, என் கடை வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்ற மனிதரிடம் "இது நல்ல மாத்திரைங்க, சாப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

9 மார்ச், மாலை

தம்பி, உங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன வயது? சர்க்கரை, பிரஷர் இருந்ததா?

10 மார்ச்

பார்த்தேன். மூத்தவர் அம்மா, 52. மற்ற நாலு பேரும் முப்பதுக்குக் கீழே, யாருக்கும் சர்க்கரை இல்லை. அந்த வயதில் நூறு பேருக்கு வந்தால் மிகப் பெரும்பாலானவர்கள் ரசமும் கஞ்சியும் குடித்தே எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்கள் அந்த வாரம் என்ன சாப்பிட்டார்களோ அதற்குப் பெயர் கிடைக்கும். எங்கள் தெருவில் கபசுரக் குடிநீருக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மிளகு.

13 மார்ச், இரவு 10.20

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான். பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

பிரேசிலில் டுகெதர் என்ற ஆய்வு அப்படித்தான் நடந்தது. 1,358 பேர், எல்லாருக்கும் நோய் முற்றக்கூடிய காரணம் ஏதாவது ஒன்று இருந்தது. எடைக் கணக்கில் பார்த்தால் நம் ஊரில் கொடுத்த அளவைப்போல இரண்டு மடங்கு, மூன்று நாள். மாத்திரை சாப்பிட்ட 679 பேரில் 100 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவோ அவசரப் பிரிவில் நீண்ட நேரம் வைத்துப் பார்க்கவோ வேண்டிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 679 பேரில் 111 பேர். வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. 2022 மார்ச் கடைசியில் வந்தது.

"அளவு போதாது" என்றார்கள். அமெரிக்காவில் ஆக்டிவ்-6 என்ற ஆய்வில் ஒரு கிலோ எடைக்கு 600 மைக்ரோகிராம், ஆறு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அறுபது கிலோ ஆளுக்குத் தினம் 36 மில்லிகிராம். சராசரியாகக் குணமாக 11 நாள். வெறும் மாத்திரைக்கும் 11 நாள்.

கொலம்பியாவின் காலி நகர ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி எனக்கு நெருக்கம். மருந்தகத்தில் லேபிள் மாறி, வெறும் மாத்திரை போக வேண்டியவர்களுக்குச் சில நாட்கள் ஐவர்மெக்டினே போய்விட்டது. கண்டுபிடித்து, வெளியே சொல்லி, அந்த நோயாளிகளை முக்கியக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டு, புதிதாக ஆட்களைச் சேர்த்து முடித்தார்கள். லேபிள் மாறுவது என்றால் என்னவென்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். அதை மறைக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதனாலேயே அந்த ஆய்வு மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. அதிலும் அறிகுறி தீர்ந்தது ஐவர்மெக்டினுக்கு 10 நாளில், வெறும் மாத்திரைக்கு 12 நாளில். தற்செயலை மீறிய வித்தியாசம் இல்லை.

14 மார்ச், காலை

பினாங்கில் இருந்து எழுதுகிற அண்ணன் ஒரு கணக்கை முன்னால் போட்டிருக்கிறார். மலேசிய அரசு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஐவர்மெக்டின் கொடுத்தவர்களில் 3 பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 10 பேர். "இதை ஏன் யாரும் சொல்வதில்லை?"

சொல்ல வேண்டிய கணக்குதான் அண்ணா, நீங்கள் போட்டதே நல்லது. நானும் முதல் தடவை பார்த்தபோது ஒரு நாள் முழுக்க மனசு இதிலேயே நின்றது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, வேறு நோயும் உள்ள 490 பேர். முதலில் பார்க்க நினைத்தது நோய் முற்றுகிறதா என்பதை. அதில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 21.6 சதவீதம் பேருக்கு முற்றியது, சாப்பிடாதவர்களில் 17.3. அதாவது மாத்திரைப் பக்கம் கொஞ்சம் அதிகம். அதற்காக மாத்திரை நோயை முற்ற வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அதே நியாயம்தான் 3-க்கும் 10-க்கும். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில், மருந்துக்கு ஒரு சக்தியும் இல்லாமலேயே இப்படி ஒரு இடைவெளி பத்து தடவையில் ஒரு தடவை வரக்கூடும். நிஜமா தற்செயலா என்று தெரிய இன்னும் பெரிய கூட்டத்தில் பார்க்க வேண்டும். பிரேசிலில் பார்த்தாயிற்று: இறந்தவர்கள் ஐவர்மெக்டின் பக்கம் 21 பேர், வெறும் மாத்திரைப் பக்கம் 24 பேர்.

14 மார்ச், இரவு

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது. மாறாக வந்ததையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நடத்திய பிரின்சிபிள் ஆய்வில் ஐவர்மெக்டின் சாப்பிட்டவர்கள் சுமார் இரண்டு நாள் முன்னதாகவே குணமானதாகச் சொன்னார்கள். அதில் வெறும் மாத்திரை கிடையாது. தாங்கள் மருந்து சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். "இப்போது தேவலையா?" என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்வதும் சாவதும் குறையவில்லை. மருந்து சாப்பிட்டோம் என்ற தெம்பே இரண்டு நாளைக் கொடுக்கும் என்பது என் அனுபவம். கடையில் பாராசிட்டமாலைக் கையில் வாங்கியதுமே முகம் மாறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

18 மார்ச், இரவு 11.30

"மலிவான மருந்து என்பதால் அமுக்கிவிட்டார்கள்." இதற்குப் பதில் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் இருக்கிறது, கீழே வரும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் வந்தது. காப்புரிமை கிடையாது, எந்தக் கம்பெனியும் அதை வைத்துக் கோடி சம்பாதிக்க முடியாது. என் கடையில் அதைவிட மலிவான மாத்திரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020 ஜூன் 16-ந் தேதி இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு முடிவைச் சொன்னது: வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது. உலகமே உடனே எடுத்துக்கொண்டது. யாரும் அமுக்கவில்லை.

இன்னொன்று. ஐவர்மெக்டின் வேலை செய்யவில்லை என்று சொன்ன அதே பிரேசில் குழு, அதே மாதிரி ஆய்வில், ஃபுளுவாக்ஸமின் என்ற பழைய மனநல மாத்திரைக்குப் பலன் இருக்கிறது என்று 2021 அக்டோபரில் எழுதியது. அதுவும் மலிவு, அதுவும் பழசு. மெர்க் கம்பெனிக்குத் தன் புது மாத்திரை மேல் கண் இருந்தது, அதனால்தான் தன் பழைய மருந்தையே வேலை செய்யாது என்றது என்கிறீர்கள். கம்பெனிகளைச் சந்தேகிப்பதில் தப்பில்லை, நானும் சந்தேகிப்பேன். ஆனால் நான் சொன்ன ஆய்வுகளை மெர்க் நடத்தவில்லை.

டெக்ஸாமெத்தசோனிலும் ஒன்று இருந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை, கெடுதல்கூட இருக்கலாம் என்று அதே ஆய்வு சொன்னது. நம் ஊரில் இரண்டாம் நாள் காய்ச்சலுக்கே எழுதினார்கள். சர்க்கரை எகிறியது. கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை எடுக்க வேண்டி வந்தவர்களில் பலர் இப்படித்தான்.

சரி, தள்ளிப்போட்டதை எழுதுகிறேன். என் சித்தப்பா. 58 வயது, சர்க்கரை உண்டு. 2021 மே 14-ந் தேதி காய்ச்சல். மாத்திரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஐந்து நாளைக்கு. ஆறாம் நாள் காலை ஆக்ஸிமீட்டரில் 93. சித்தி போன் செய்தார். "மாத்திரை இப்பத்தான் முடிஞ்சிருக்கு சித்தி, வேலை செய்யட்டும், நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். மறுநாள் 91. குப்புறப் படுக்கச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி பாத்ரூம் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட மூச்சு போதவில்லை. 84. அப்புறம்தான் பெட் தேடி அலைந்தோம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்துக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற அதே மாதம். மூன்றாவது ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நாலாம் நாள் போய்விட்டார்.

முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. அந்த இரண்டு நாளை நான் அந்த மாத்திரையை நம்பிக் கழித்தேன் என்பது மட்டும் தெரியும். அதனால்தான் "சாப்பிட்டால் என்ன நஷ்டம், கெடுதல் இல்லாத மருந்துதானே" என்று யாராவது எழுதினால் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

20 மார்ச்

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சித்தி நன்றாக இருக்கிறார், பேத்தியோடு.

கேள்விக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்ததால்தானே அலை இறங்கியது என்கிறார் ஒருவர். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் அங்கே 71 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் புரதம் இருந்தது. நாடு முழுக்க 67.6. மத்தியப் பிரதேசத்தில் 79. அப்போது தடுப்பூசி போட்டவர்கள் குறைவு, அதனால் பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எரிய விறகு தீர்ந்ததும் நெருப்பு அடங்குகிறது. வீட்டுக்கு வீடு கொடுத்த மாத்திரை தொற்றைத் தடுத்திருந்தால் இந்த எண் இவ்வளவு ஏறியிருக்காது.

கோவாவில் 2021 மே 10-ந் தேதி பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் கொடுப்போம் என்றார்கள். மறுநாளே உலக சுகாதார அமைப்பின் தலைமை விஞ்ஞானி சௌமியா சுவாமிநாதன், ஆய்வுக்கு வெளியே இதைக் கொரோனாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அமைப்பின் பரிந்துரை என்று நினைவுபடுத்தினார். நம் சென்னைப் பெண்மணி. அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை, வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பினார்கள். தேசிய வழிகாட்டியில் இருந்து அந்த மாத்திரையை 2021 செப்டம்பரில் எடுத்தார்கள்.

பெருவில் 2020 மே மாதமே அரசு வழிகாட்டியில் சேர்த்தார்கள். அதைச் சாப்பிடாத ஆளை ஆய்வுக்குத் தேடிப் பிடிப்பதே அங்கே கஷ்டமாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கில் உலகத்திலேயே அதிகம் பேர் இறந்த நாடுகளில் பெரு ஒன்று.

26 மார்ச், இரவு 10.50

ஒரு வாரமாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற விஷயம். முதல் நாள் "வேலை செய்யவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். வைரஸைப் பொறுத்தவரை அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு இடத்தில் அது உயிர் காத்திருக்கக்கூடும்.

மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் காலில் ஏறுகிற ஒரு நூல் மாதிரிப் புழு இருக்கிறது, ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று பெயர். வருஷக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் காவல் தளர்ந்து, புழு பெருகி நுரையீரல், ரத்தம் எல்லாம் பரவிவிடும், ஆளைக் கொல்லும். அந்தப் புழுவுக்கு முதல் மருந்தே ஐவர்மெக்டின்தான். 2022-ல் ஏவி பிட்டர்மன் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஆய்வுகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் புழு அதிகம் உள்ள நாடுகளில் நடந்தவற்றில் ஐவர்மெக்டின் சாவைக் குறைத்த மாதிரித் தெரிந்தது. புழு குறைவான நாடுகளில் குறைத்ததாகத் தெரியவில்லை. இது உறுதியான முடிவு இல்லை, ஒரு விளக்கம். எனக்கு இது பொருந்துகிற மாதிரி இருக்கிறது. அந்த மருந்து அங்கேயும் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது, புழுவைக் கொன்றிருக்கிறது.

2 ஏப்ரல், இரவு

தம்பி கேட்கிறார்: "அண்ணா, உங்கள் கடையில் வாங்கினவர்கள் என்ன சொன்னார்கள்?"

எல்லாரும் நல்லாயிருச்சு என்றுதான் சொன்னார்கள். ஜூன் மாதம் முழுக்க வந்து வந்து சொன்னார்கள். ஒருவர் அரைக் கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு வருஷம் அந்த மருந்தை விடாமல் நம்பியதற்குக் காரணமே இதுதான், எகிப்து ஆய்வுகூட இல்லை.

அந்த இரண்டு மாதமும் காய்ச்சல் மருந்து வாங்குகிறவர்கள் பெயரையும் செல் நம்பரையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தோம். 2022-ல் கடையை வெள்ளையடிக்கும்போது அது கிடைத்தது. சானிடைசர் பட்டு ஓரமெல்லாம் மை கலைந்திருந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து, கடைக்கு மறுபடி வந்த ஞாபகம் இல்லாத பெயர்களுக்கு மட்டும் போன் செய்தேன். சிலது உபயோகத்தில் இல்லை. சிலர் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள், நல்லாயிருக்கோம் என்றார்கள். ஒரு நம்பரை ஒரு பெண் எடுத்தது. பெயரைச் சொல்லி, அவரோடு பேசலாமா என்றேன். "அப்பா அந்த மே மாசமே போயிட்டாருங்க. நீங்க யாருங்க?" என்றது. மருந்துக்கடை என்றேன். "பாக்கி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டது.

அன்றைக்கு மேலே யாருக்கும் போன் செய்யவில்லை.

9 ஏப்ரல், இரவு 9.45

இன்றைக்கு மத்தியானம் ஒரு அம்மா வந்தார். ஐவர்மெக்டின் வேண்டும், கூடவே நாய்க்குக் கொடுக்கிற ஃபென்பெண்டசோல் இருக்கிறதா என்றார். சீட்டு இல்லை. போனை நீட்டினார், புற்றுநோய் மூன்று மாதத்தில் ஓடிவிடும் என்று ஒருவர் தமிழில் பேசுகிற வீடியோ. வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி, கீமோ இரண்டு முடிந்திருக்கிறது. வாந்தி தாங்கவில்லை, அடுத்த ஊசிக்குப் போக வேண்டாம் என்று இருக்கிறார்கள்.

ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார வைத்துப் பேசினேன். இந்த மருந்து என்ன செய்யும், எதற்கு நல்லது, நான் எதற்கு விற்றேன், என் சித்தப்பா, எல்லாம். அரை மணி நேரம் இருக்கும். நடுவில் நாலு பேர் வந்து காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வாந்திக்கு டாக்டர் எழுதிய சீட்டு பையிலேயே மடித்து இருந்தது. அந்த மாத்திரையை வாங்கவே இல்லை அவர்கள். அதை எடுத்துக் கொடுத்து, ஊசிக்கு எத்தனை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்று அட்டை மேலேயே எழுதினேன். நம்பரையும் வாங்கிக்கொண்டேன். ஊசி வரும் திங்கட்கிழமை.

14 ஏப்ரல், மாலை

போயிருக்கிறார்கள். இந்தத் தடவை வாந்தி ஒரு தடவைதானாம்.